இருக்கைக்கு வாய்த்த பெயர்கள்

'நாற்காலி' என்னும் சொல்லைச் சற்றே ஊன்றி நோக்கினால் ஒரு விந்தை புலனாகும். அச்சொல்லில் அமர்தல் என்னும் பொருளே இல்லை. கால்கள் நான்கு என்னும் கணக்கு மட்டுமே உண்டு. நாம் அமரும் பலகையோ, சாயும் முதுகோ, கையூன்றும் சட்டமோ பெயரில் இடம்பெறவில்லை. தரையில் நின்று பாரம் சுமக்கும் கால்களே பெயரைத் தம் வசமாக்கிக் கொண்டன. நாள்தோறும் பலமுறை வழங்கும் சொல்லாயினும் இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கால்களை எண்ணிப் பெயரிடும் வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியும் உருதும் பேசுவோர் கயிற்றுக் கட்டிலைச் 'சார்பாய்' என்பர். 'சார்' என்பது நான்கு. 'பாய்' என்பது கால். பண்டைக் கிரேக்கர் மேசையை 'த்ராபேசா' என்றனர். அதற்கும் நான்கு காலுடையது என்பதே பொருள். ஆக, நான்கு கால் என்று தமிழர் சொன்னால் அஃது அமர்வதற்கு. வடநாட்டார் சொன்னால் படுப்பதற்கு. கிரேக்கர் சொன்னால் உண்பதற்கு. காசு மாற்றுவோர் மேசையின் முன் அமர்ந்து தொழில் நடத்தியமையால் பின்னாளில் அக்கிரேக்கச் சொல் வங்கியைக் குறிக்கலாயிற்று. இன்றும் அந்நாட்டு வங்கிகளின் பெயர்ப்பலகைகளில் அந்த நான்கு கால்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. இவ்வளவு தொலைவு போவானேன்? அண்டையிலுள்ள கேரளத்திற்குச் சென்று, அமர்வதற்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவர் நகைப்பார். மலையாளத்தில் 'நால்க்காலி' என்பது ஆடு மாடுகளைக் குறிக்கும்.

மூன்று கால்களின் கதை இன்னும் சுவையானது. 'திபாய்' என்னும் இந்துஸ்தானிச் சொல்லுக்கு முக்காலி என்பது பொருள். ஆங்கிலேயர் வாயில் அது 'டீபாய்' ஆயிற்று. அதன்மேல் தேநீர்க் கோப்பை வைக்கும் வழக்கம் இருந்தமையால், பெயரிலும் தேநீர் இருப்பதாக அவர்கள் எண்ணிவிட்டனர். நம்மவர் அத்தோடு நில்லாமல் ஒரு பாயையும் விரித்து 'டீப்பாய்' ஆக்கிக் கொண்டனர். நம் வீட்டு டீப்பாய்க்குக் கால்கள் நான்கு. அதன் பெயரிலோ மூன்று. தச்சர் பிழை செய்யவில்லை. மொழி தன் போக்கில் போயிற்று, அவ்வளவே.

இந்த ஆய்வில் நமக்கு ஈடுபாடு பிறந்தது நூலகத்தில் அன்று, பிறந்த வீட்டில்தான். நம் முன்னோர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையினர். வாப்பாவைப் பெற்ற பாட்டனார் கொழும்பு புறக்கோட்டையில் துணி வாணிகம் செய்தவர். 1960களில் கடையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, முதிரை மரத்தால் இழைத்த கைவைத்த இருக்கை ஒன்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அதனை அவர் ஒருநாளும் நாற்காலி என்று சொன்னதில்லை. "அந்தக் கதிரையை இங்கிட்டு இழுத்துப் போடு வாப்பா" என்பார். ரொட்டியைப் 'பாண்' என்பதும், காலணியைச் 'சப்பாத்து' என்பதும் அவருடைய வழக்கம். காலப்போக்கில் நம் வீட்டில் ஒரு தனி மரபே உருவாயிற்று. ஏனைய இருக்கைகள் எல்லாம் நாற்காலிகள். பாட்டனார் அமர்ந்தது மட்டும் கதிரை. அவர் மறைந்த பின்னும் அப்பெயர் மாறவில்லை. விருந்தினர் வந்தால் உம்மா, "நாற்காலியை எடுத்துப் போடுங்க" என்பார். வந்தவர் குடும்பத்துப் பெரியவராக இருந்தால் மட்டும், "கதிரையில உக்காரச் சொல்லுங்க" என்பார். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்பது அகராதியின் கூற்று. நம் வீட்டில் அவை இரண்டு தகுதிகளாக விளங்கின.

'கதிரை' என்னும் சொல் செவிக்குத் தூய தமிழாகவே ஒலிக்கும். கதிரவனும் நெற்கதிரும் நினைவுக்கு வரும். ஆயினும் அது போர்ச்சுகீசியரின் 'கதெய்ரா' என்பதன் தமிழ் வடிவம். 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்ச்சுகீசியர், 1619இல் யாழ்ப்பாண அரசையும் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும் வரை அங்கு ஆண்டனர். அவர்கள் போயினர், அவர்தம் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் தங்கிவிட்டன. மேசை அவர்கள் தந்தது. அலமாரி அவர்கள் தந்தது. சாவியும் சன்னலும் பீப்பாயும் அவர்கள் தந்தவையே. நீண்ட விசிப்பலகையை ஈழத் தமிழர் 'வாங்கு' என்பர். அது 'பாங்கோ' என்னும் அவர்தம் சொல். தொழுகை அழைப்பைப் பாங்கு என்றும் வாங்கு என்றும் வழங்கும் நம் சமுதாயத்தார்க்கு இது சிரிப்பை வரவழைக்கக்கூடும். கடைத்தெருவில் வாங்கு என்றால் ஒரு பொருள். பள்ளிவாசல் முற்றத்தில் வேறு பொருள். யாழ்ப்பாணத்து வகுப்பறையில் மூன்றாவது பொருள். இன்னொன்றும் கருதத்தக்கது. அதே தீவில் வாழும் சிங்களவர் மேசையையும் அலமாரியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பெற்றுக்கொண்டனர். ஆயினும் இருக்கைக்கு மட்டும் 'புட்டுவ' என்னும் வேறு சொல்லையே வழங்குகின்றனர். ஒரே கப்பலில் வந்திறங்கிய பொருள்களில் எதன் பெயரை ஏற்பது, எதனை விடுப்பது என்பதை எந்த அவையும் கூடித் தீர்மானிப்பதில்லை.

அதே 'கதெய்ரா' மலபார்க் கரையில் 'கசேர' ஆயிற்று என்பர். வங்காளத்தில் 'கேதாரா' ஆயிற்று. சாய்ந்து இளைப்பாறும் இருக்கையை வங்காளியர் 'ஆராம் கேதாரா' என்றனர். பாரசீகமும் போர்ச்சுகீசியமும் ஒரே சொற்றொடரில் கைகோத்து நின்றன. மலையாளத்துச் 'சாருகசேர' என்றதும் வைக்கம் முகம்மது பஷீர் (1908-1994) அவர்களை நினையாதார் இலர். பேப்பூரில் தம் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியில் சாய்விருக்கையில் அவர் அமர்ந்திருக்கும் தோற்றம், அவருடைய கதைகளைப் படியாதவர்க்கும் அறிமுகமானது. மலையாளம் பயின்று தமிழில் எழுதிய நம் தோப்பில் முகம்மது மீரான் (1944-2019) அவர்கள், சீரழியும் ஒரு பெருங்குடும்பத்தின் கதைக்குச் 'சாய்வு நாற்காலி' என்றே பெயர் சூட்டினார். 1997ஆம் ஆண்டு அந்நாவல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த அவருக்குக் கசேரயும் தெரியும், நாற்காலியும் தெரியும். எந்தச் சொல்லுக்கு எந்த வாசகர் என்பதும் தெரியும்.

போர்ச்சுகீசியரோ இச்சொல்லைத் தாமே படைத்தாரல்லர். கிரேக்க மொழியில் 'கதேத்ரா' என்பது கீழே அமர்வதற்குரிய இடம். இலத்தீன் அதனைக் கடன் பெற்றது. ஆயர் அமரும் இருக்கை உள்ள கோயில் என்பதால் கத்தோலிக்கப் பேராலயங்களுக்குக் 'கதீட்ரல்' என்னும் பெயர் வந்தது. ஸ்பெயின் நாட்டில் அதே சொல் 'கதேரா' என நின்று, அமரும் பொருளை விட்டுவிட்டு, அமர்பவரின் இடுப்பைக் குறிக்கலாயிற்று. பிரான்சின் வழியே ஆங்கிலத்துட் புகுந்தபோது உருத்தேய்ந்து 'சேர்' ஆயிற்று. மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்: நம் ஊரில் யாவரும் வழங்கும் 'சேர்' என்பதும், யாழ்ப்பாணத்துக் 'கதிரை' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று ஆங்கிலக் கப்பலிலும் மற்றொன்று போர்ச்சுகீசியக் கப்பலிலும் வந்தன என்பதே வேறுபாடு.

இதனை வகுப்பறையில் விளக்க நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஈழத்து ஏதிலியர் முகாமில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் நம் வகுப்பில் பயின்றார். முதல் நாளே எழுந்து நின்று நம்மைச் 'சேர்' என்று விளித்தார். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. ஆங்கில 'சர்' என்பதனைத் தமிழகத்தார் 'சார்' என்பதும், ஈழத்தார் 'சேர்' என்பதும் அப்பிள்ளைகள் அறியாதவை. ஆசிரியரைப் போய் நாற்காலி என்கிறாளே என்று அவர்கள் கருதினர். அம்மாணவி முகம் கன்றி அமர்ந்தார். அதன்பின் நெடுநாள் நம்மை எப்பெயராலும் விளிக்கவில்லை. நேரே வந்து நின்று வினவுவார். விடை பெற்றதும் போய்விடுவார்.

அவருடைய எழுத்து நன்றாக இருந்தது. வெளியூரில் நடைபெற்ற கல்லூரிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டி ஒன்றிற்கு அவரை அனுப்பினோம். நடத்திய அமைப்பின் பெயரும் நடுவர் பெயரும் ஈண்டு வேண்டா. 'எம் இல்லம்' என்பது தலைப்பு. பரிசு கிட்டவில்லை. கட்டுரைத் தாள் திரும்பி வந்தபோது கதிரை, வாங்கு, விறாந்தை என்னும் சொற்களெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. நடை சிறப்பாக இருப்பினும் பிறமொழிக் கலப்பு மிகுதி என்றும், நல்ல தமிழில் எழுதப் பழகுக என்றும் ஓரத்தில் குறிப்பு இருந்தது. அம்மாணவி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுவாரம் அதே கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொணர்ந்தார். வட்டமிட்ட இடங்களில் எல்லாம் நாற்காலியும் விசிப்பலகையும் தாழ்வாரமும் அமர்ந்திருந்தன. "இப்ப சரியோ?" என்று கேட்டார்.

நாம் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தோம். முதல் தாளில் ஒரு வீடு இருந்தது. மன்னார்ப் பக்கத்து வீடு. அதன் விறாந்தையில் அம்மப்பாவின் கதிரை கிடந்தது. 1990ஆம் ஆண்டு சூன் திங்களில் மீண்டும் போர் மூண்டு, அக்குடும்பம் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் வந்தது. கதிரையைப் படகில் ஏற்ற இயலுமா? விறாந்தையிலேயே விட்டு வந்தனர். அம்மாணவி பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, முகாமில். அந்த வீட்டை அவர் கண்டதில்லை. அந்த இருக்கையையும் கண்டதில்லை. தாயார் சொல்லக் கேட்ட ஒரு சொல்லாக மட்டுமே அது அவரை வந்தடைந்தது. இரண்டாம் தாளில் இருந்த நாற்காலி எந்தக் கடையிலும் கிடைக்கும் நாற்காலி.

அதே 1990ஆம் ஆண்டு அக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் பெரும்பாலும் புத்தளம் பகுதியில் ஒதுங்கினர். அவர்கள் தம் வீடுகளில் விட்டு வந்தவையும் கதிரைகளே. சூன் திங்களில் கடல் கடந்தவரும் அக்டோபரில் தரைவழி நடந்தவரும், தாம் இழந்த இருக்கைக்கு ஒரே பெயரைத்தான் சொல்லி அழுதனர். இதனை அம்மாணவியிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தம் அம்மப்பாவின் அயல்வீட்டார் முஸ்லிம்கள் என்று தாயார் சொல்லக் கேட்டதுண்டு என்றார்.

சிவப்பு மை ஊற்றிய நடுவரை நாம் பகைக்கவில்லை. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இல்லையேல், இன்றைய விழாவின் தலைவரை நாம் 'அக்கிராசனாதிபதி' என்றே அழைத்துக்கொண்டிருப்போம். அக்கிராசனம் என்றால் முதல் இருக்கை. அதற்கு அதிபதி அவர். அந்த நெடிய சொல்லை அகற்றித் 'தலைவர்' என்னும் எளிய சொல்லை அமர்த்திய பெருமக்களுக்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளாட்சி மன்றத்தின் தலைவரை ஈழத் தமிழர் எவ்வாறு அழைக்கின்றனர் என்பது அந்நடுவர்க்குத் தெரியுமா? 'தவிசாளர்' என்கின்றனர். தவிசு என்பது இருக்கையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நாம் அதனைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் அதனை அரசு முத்திரையில் பொறித்து வைத்துள்ளனர். வீட்டில் கதிரையும் மன்றத்தில் தவிசும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. 'சேரை இழுத்துப் போட்டு' அமர்ந்து கொண்டு கதிரையைப் பிறமொழி என்று வட்டமிடுவதுதான் நமக்கு முரணாகத் தோன்றுகிறது. நானூறு ஆண்டுகளாக ஒரு மக்கட் கூட்டம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வழங்கி வரும் சொல்லுக்கு இன்னும் எத்தனை ஆண்டு கழித்துக் குடியுரிமை தருவது? முதல் தாளையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், துறையின் கையெழுத்து இதழில் சேர்த்தோம்.

இனி 'குர்ஸி'யின் கதைக்கு வருவோம். நம் இல்லங்களில் குழந்தைகள் உறங்கும் முன் உம்மாமார் 'ஆயத்துல் குர்ஸி' ஓதித் தலையில் ஊதுவது வழக்கம். பொருள் தெரியும் முன்பே அச்சொல்லின் ஒலி நம் செவியில் பாதுகாப்பாகப் பதிந்துவிட்டது. அது திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தின் 255ஆம் வசனம். இச்சொல் திருமறையில் இரண்டிடங்களில் மட்டுமே வருகிறது; மற்றொன்று சுலைமான் நபி (அலை) அவர்களின் இருக்கையைக் குறிப்பது. சபா நாட்டு அரசியின் அரியணைக்கு வந்த சொல் வேறு, அஃது 'அர்ஷ்'.

இது அரபு மண்ணிலேயே முளைத்த சொல் அன்று என்பர் மொழிநூலார். சுமேரியர் இருக்கையைக் 'குசா' என்றனர். அக்காதியர் 'குஸ்ஸூ' என்றனர். எபிரேயத்தில் 'கிஸ்ஸே', அரமேயத்தில் 'குர்ஸியா'. களிமண் பலகையில் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே மனிதர் இச்சொல்லின்மேல் அமர்ந்து வருகின்றனர் எனலாம். அரபியிலிருந்து அது நாற்றிசையும் சென்றது. குசராத்தியில் 'குர்சி', மராத்தியில் 'குர்ச்சி', தெலுங்கிலும் கன்னடத்திலும் 'குர்ச்சி', மலாயில் 'கெருசி'. துருக்கியில் இச்சொல் ஏறிச் சென்று மேடையையும் பேராசிரியர் பதவியையும் குறித்தது. வீட்டில் அமர்வதற்கு அவர்கள் வேறு சொல் தேடிக்கொண்டனர். கைவைத்த சாய்விருக்கையை அவர்கள் 'கொல்துக்' என்பர். அதன் நேர்ப்பொருள் அக்குள்!

எல்லாவற்றினும் வேடிக்கை ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நிகழ்ந்தது. குளிர்காலத்தில் தாழ்ந்த மேசையின் அடியில் கணப்பு வைத்து, மேலே மெத்தைப் போர்வை விரித்து, குடும்பத்தார் அதனைச் சுற்றிக் கால்நீட்டி அமர்வது அந்நாடுகளின் பழைய வழக்கம். ஈரானியர் அம்மேசையைக் 'குர்ஸி' என்பர். அமரும் நாற்காலியைச் 'சந்தலி' என்பர். எல்லை தாண்டி ஆப்கானிஸ்தான் சென்றால் கணப்பு மேசைக்குப் பெயர் 'சந்தலி'. நாற்காலிக்கோ 'சௌகி'. மொழி ஒன்றே, பாரசீகம்தான். 'சந்தலி' என்பது சந்தன மரத்தின் பெயரோடு தொடர்புடையது என்பர். 'சௌகி'யில் மீண்டும் நான்கு என்னும் எண் ஒளிந்திருக்கிறது. ஆக, காபூல் நகரத்தாரும் நம்மைப் போலவே எண்ணிப் பார்த்துத்தான் அமர்கின்றனர்.

நாம் பணிநிமித்தம் கடற்கரையை விட்டுப் பாலாற்றங்கரைக்கு வந்தபோது குர்ஸி வீட்டுப் பொருளாகவே நம் எதிரே வந்து நின்றது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் உருது பேசும் இல்லத்தார் நாற்காலியைக் 'குர்சி' என்கின்றனர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசும் முதியோர் சிலர், சமய வேறுபாடின்றி, 'குறிச்சி' என்கின்றனர். கடற்கரையில் நமக்கு அஃது ஓதும் சொல்லாக மட்டும் இருந்தது. இங்கோ, "குர்சி உடைந்துவிட்டது, ஆணி அடியுங்கள்" என்று சொல்லக் கேட்டபோது முதலில் உள்ளம் திடுக்கிட்டது. பின்னர் எண்ணிப் பார்த்தோம். அரபு நாட்டுத் தேநீர்க் கடையிலும் அதே சொல்தான் வழங்குகிறது. அதற்கு ஆணியும் அடிப்பர். உயர்வும் எளிமையும் ஒரே சொல்லில் குடியிருப்பதை அரபு மொழி தாங்கிக் கொள்கிறது.

தமிழால் அஃது இயலவில்லை. திருமறை மொழிபெயர்ப்பாளருள் ஒருவர் 'அரியாசனம்' என்பார். மற்றொருவர் 'இருக்கை' என்பார். வேறொருவர் 'குர்ஸி' என்னும் மூலச் சொல்லையே நிறுத்திவிட்டு விளக்கம் தருவார். அறிவு என்று விரிவுரை கூறுவதும் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயரால் அவ்விளக்கம் வழங்கி வருகிறது. நாம் பார்த்த எந்த மொழிபெயர்ப்பிலும் 'நாற்காலி' இல்லை; இருக்கவும் முடியாது. கால்களை எண்ணிப் பிறந்த சொல்லால் எண்ணிலடங்காததைச் சுட்டுவது எங்ஙனம்? ஏழை மொழி என்பதனால் வந்த குறை அன்று இது. பெயரிட்டவன் கண் எங்கே சென்றது என்பதைப் பொறுத்தது. கால்களைக் கண்டவன் நாற்காலி என்றான். இருத்தலைக் கண்டவன் இருக்கை என்றான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கென உலகத் தமிழர் நிதி திரட்டி 2018இல் இலக்கை எட்டியபோது, அதற்குத் 'தமிழ் இருக்கை' என்றே பெயர் விளங்கிற்று. 'தமிழ் நாற்காலி' என்று எவரும் வாய்தவறியும் சொல்லவில்லை. நாற்காலியைப் பதவிச் சண்டைக்கென்று நாளிதழ்கள் ஒதுக்கி வைத்துவிட்டன.

பழந்தமிழர் அமர்ந்த பொருள்களின் பெயர்களை எண்ணினால் வியப்பு மிகும். அணை, மணை, பலகை, பீடம், தவிசு எனப் பல. இவற்றுள் நம்மை மிகவும் ஈர்ப்பது 'கட்டில்'. இன்று அது படுப்பதற்கு உரியது. சங்க காலத்தில் அரசன் அமர்வதும் கட்டிலே. அரசுகட்டில் ஏறினான் என்றால் முடிசூடினான் என்பது பொருள். கண்ணகி வழக்குரைத்தபோது உயிர்நீத்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அரசுகட்டிலில் துஞ்சியவன் என்னும் அடைமொழி உண்டு. துஞ்சியது இருக்கையில், படுக்கையில் அன்று. முரசுக்கும் தனிக் கட்டில் இருந்தது. களைத்து வந்த மோசிகீரனார் அறியாமல் முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட, வாளோடு வந்திருக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி கொண்டு வீசி நின்றதைப் புறநானூற்றின் 50ஆம் பாடல் பதிவு செய்கிறது. அந்தக் கட்டிலும் கடல் கடந்தது. மலாய் மொழியில் படுக்கும் கட்டிலுக்குக் 'காத்தில்' என்று பெயர். அது தமிழ் தந்தது. பினாங்கிலுள்ள நம் சிறிய தகப்பனார் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது அங்குள்ள பிள்ளைகள் கெருசியில் அமர்ந்து, காத்திலில் உறங்கினர். ஒன்று அரபுச் சொல். மற்றொன்று நம் சொல். மலாய் அகராதியில் இரண்டும் மலாய்ச் சொற்களே. எவரும் சிவப்பு மையால் வட்டமிடவில்லை.

இன்று வீடுகளிலும் திருமண மண்டபங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் நெகிழி இருக்கைகள் வந்துவிட்டன. அவற்றுக்கு ஊர்தோறும் 'சேர்' என்னும் ஒரே பெயர். வங்காளத்திலும் கேதாரா முதுமையடைந்து, 'செயார்' என்பதே பெருவழக்காயிற்று. குறிச்சி என்று சொல்லும் முதியோர் அருகி வருகின்றனர். ஆகவே நம் துறையில் ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளோம். மாணவர்கள் விடுமுறைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள முதியோரிடம் அமரும் பொருள், படுக்கும் பொருள், பண்டம் வைக்கும் பொருள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வரவேண்டும். சொல்லை எழுதினால் போதாது; சொன்னவர் எந்த ஊரினர், யாரிடமிருந்து கேட்டறிந்தார், எந்தப் பொருளைக் கைகாட்டிச் சொன்னார் என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். முதற்பக்கத்தில் 'கதிரை' உள்ளது, மன்னார் என்று ஊர்ப்பெயரும் உள்ளது, எழுதியவர் அம்மாணவியே. அதனடியில் கடற்கரை மாவட்டம் என்று குறித்து நம் பாட்டனாரின் கதிரையையும் சேர்த்துள்ளோம். மலேசியாவிலும் இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்ந்து திரும்பிய சமுதாயப் பெரியோர்கள் கல்லூரிக்கு வரும்போது ஒரு வரியேனும் எழுதித் தர வேண்டுகிறோம். குறிப்பேடு துறை நூலகத்தில், கதவுக்கு இடப்புறமுள்ள அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சாவி அலுவலக உதவியாளரிடம் கிடைக்கும்.